ராணுவப் போலீஸும் படையில் பெண்களும்: போர்க்கால அருங்காட்சியகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பீரங்கியையும் பதக்கத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ராணுவப் போலீஸ் பகுதியும் பெண்கள் படைப்பிரிவுப் பகுதியும் பெரும்பாலும் கடைசி அறைகளில்தான் இருக்கும், அதுவும் தனித்தனியாக. இந்த இரண்டும் சந்திக்கும் இடங்களில் என்ன பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம் என்பது முதல் பாதி. ஊரிலோ கல்லூரியிலோ சிறிய அளவில் இப்படியொரு காட்சி வைக்க நினைப்பவர்களுக்கான செய்முறை இரண்டாம் பாதி.

போரில் ராணுவப் போலீஸுக்கு என்ன வேலை? குடித்துவிட்டுக் கலாட்டா செய்யும் சிப்பாய்களைப் பிடிப்பதுதானே?

அதுவும் உண்டு, ஆனால் அது சிறு பகுதிதான். பெரிய வேலைகள் மூன்று: சாலைப் போக்குவரத்து, போர்க் கைதிகள், படையை விட்டு விலகியவர்களையும் வழி தவறியவர்களையும் சேர்த்து அனுப்புவது.

1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை பிரான்சில் ஓடிய 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்ற லாரித் தொடர் நல்ல எடுத்துக்காட்டு. நார்மண்டியிலிருந்து முன்னேறிப் போய்விட்ட படைகளுக்கு எரிபொருளும் குண்டும் உணவும் கொண்டுபோக ஒருவழிச் சாலைகள் ஒதுக்கப்பட்டன. உச்ச நாளில் ஏறத்தாழ 6,000 வண்டிகள், 12,500 டன் சரக்கு. ஓட்டுநர்களில் நான்கில் மூன்று பங்கு கறுப்பினத்தவர். மணிக்கு 25 மைல், வண்டிக்கும் வண்டிக்கும் 60 கெஜம் என்பது விதி. காகிதத்தில் இருந்த விதியைச் சந்திக்குச் சந்தி நின்று நடப்புக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது ராணுவப் போலீஸ். வேறு படைப்பிரிவு வண்டியோ ஊர்க்காரர் வண்டியோ இந்தச் சாலைக்குள் நுழைந்தால் மொத்தத் தொடரும் நின்றுவிடும். எனவே அருங்காட்சியகத்தில் துப்பாக்கியைவிட ஒரு சாலைப் பலகைதான் இந்த வேலையைச் சரியாகக் காட்டும்.

கைதிகள் கணக்கு இன்னும் பெரிது. போர் முடியும்போது அமெரிக்க மண்ணில் மட்டும் சுமார் 4,25,000 அச்சு நாட்டு (ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான்) கைதிகள் இருந்தார்கள். அவர்களைக் கப்பலில் ஏற்றுவது, ரயிலில் கொண்டுபோவது, முகாமில் காவல் காப்பது எல்லாம் இவர்கள் பொறுப்பு.

இந்தப் படைப்பிரிவு எப்போது தொடங்கியது?

அமெரிக்காவைப் பொறுத்தவரை நிரந்தரப் பிரிவாக ஆனது 1941 செப்டம்பர் 26-இல். அதற்கு முன்னும் வேலை இருந்தது, நிலையான அமைப்புதான் இல்லை. விடுதலைப் போரின்போது 1778-இல் கேப்டன் பார்தலோமியூ வான் ஹீர் தலைமையில் குதிரைப் படைப்பிரிவு ஒன்று இதைச் செய்தது. முதல் உலகப் போரில் ஹாரி பேண்ட்ஹோல்ட்ஸ் தலைமையில் 1918 அக்டோபரில் ஒரு பிரிவு உருவாகி, போர் முடிந்ததும் கலைந்தது. தேவை வந்தால் கூட்டுவது, முடிந்தால் கலைப்பது என்று 160 ஆண்டுகள் போயின. பழைய காலப் பொருட்கள் இந்த அருங்காட்சியகங்களில் குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். கலைந்த படை தன் பொருட்களைச் சேர்த்து வைக்காது.

எங்கே போய்ப் பார்ப்பது?

அமெரிக்காவில் இரண்டு இடங்கள். மிசூரி மாநிலம் ஃபோர்ட் லெனார்ட் உட் முகாமிலுள்ள ஜான் பி. மஹாஃபி அருங்காட்சியக வளாகத்தில் பொறியாளர் பிரிவு, ரசாயனப் பிரிவு, ராணுவப் போலீஸ் ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. பெண்கள் வரலாற்றுக்கு வர்ஜீனியாவின் ஃபோர்ட் லீ முகாமிலுள்ள அமெரிக்க ராணுவப் பெண்கள் அருங்காட்சியகம்.

இவை இரண்டுக்கும் பழைய உறவு உண்டு. அலபாமாவின் ஃபோர்ட் மெக்லெல்லன் 1954 முதல் பெண்கள் படைப்பிரிவின் மையம். 1975-இல் ராணுவப் போலீஸ் பள்ளியும் அங்கேயே வந்தது. 1999-இல் அந்த முகாமை மூடியபோது போலீஸ் பள்ளி மிசூரிக்கும் பெண்கள் சேகரிப்பு வர்ஜீனியாவுக்கும் போயின. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே முகாமில் அருகருகே இருந்த வரலாறு, இன்று ஆயிரம் மைல் அளவில் பிரிந்து கிடக்கிறது. இந்தப் பொருளை ஆராய்கிறவர் இரண்டையும் பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

சாதாரணமாக உள்ளே விடுவார்களா?

இரண்டும் இயங்கும் ராணுவ முகாம்களுக்குள் இருக்கின்றன. அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. சிக்கல் முகாம் வாயிலில்தான். பாதுகாப்புத் துறை அடையாள அட்டை இல்லாதவர் பார்வையாளர் மையத்தில் பின்னணிச் சோதனை முடித்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இந்தியா, இலங்கை, மலேசியக் கடவுச்சீட்டோடு வருபவர்கள் வாயிலுக்கு நேரே போய் நிற்காமல், முன்கூட்டியே அருங்காட்சியகத்துக்கு எழுதி, வெளிநாட்டவருக்கு என்ன நடைமுறை என்று கேட்டுக்கொள்வது நல்லது. வாடகை வண்டியில் போனால் வண்டிப் பதிவும் காப்பீடும் கையில் இருக்கட்டும். வார இறுதி, அரசு விடுமுறை நாட்களில் பார்வையாளர் மையத்தின் நேரம் வேறு, அருங்காட்சியகத்தின் நேரம் வேறு. இரண்டையும் சரிபார்க்க வேண்டும். பயணம் வீணாவது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான்.

பழைய வழிகாட்டிகளில் ஃபோர்ட் கிரெக்-ஆடம்ஸ் என்று படித்தால் குழம்ப வேண்டாம். 2023 ஏப்ரலில் அந்தப் பெயர் வைத்து, 2025-இல் மறுபடி ஃபோர்ட் லீ ஆக்கினார்கள். இடம் ஒன்றுதான்.

பெண்கள் ராணுவப் போலீஸ் வேலைக்குள் எப்படி வந்தார்கள்?

பின்வாசல் வழியாக. 1942 மே 15-இல் சட்டம் கையெழுத்தாகி, ஓவிட்டா கல்ப் ஹாபி தலைமையில் பெண்கள் துணைப்படை உருவானது. ஜூலை 20-இல் அயோவாவின் ஃபோர்ட் டெமாய்னில் 440 பேரோடு முதல் அதிகாரிப் பயிற்சி. துணைப்படை என்பதால் ராணுவத்தோடு இருந்தார்கள், ராணுவத்தில் இல்லை. ஆண்களுக்குரிய பதவிப் பெயர், காப்பீடு, காயமடைந்தால் கிடைக்கும் உரிமை எதுவும் இல்லை. 1943 ஜூலை 1-இல் கையெழுத்தான சட்டம் அதை மாற்றி, ராணுவத்தின் பகுதியான பெண்கள் படைப்பிரிவாக ஆக்கியது. போர் முடியும் வரை சுமார் 1,50,000 பெண்கள் சேவை செய்தார்கள்.

இத்தனை பெண்கள் ஒரு முகாமில் இருந்தால் அவர்கள் குடியிருப்பின் வாயிலில் யார் நிற்பது? பெண் ஒருவரைச் சோதனையிட வேண்டுமென்றால் யார் செய்வது? ஆண் போலீஸ் உள்ளே போக முடியாத இடங்களில்தான் பெண் போலீஸ் தேவைப்பட்டார்கள். பெண்களைத் தேடிப் போய்ப் பதவி கொடுக்கவில்லை, வேலையே அவர்களைக் கேட்டது. 'முதல் பெண்' என்ற தலைப்போடு சாதனைப் பட்டியல் போடும் காட்சிகள் இந்த நடைமுறைக் காரணத்தை மறைத்துவிடுகின்றன.

6888-ஆவது பட்டாலியனில் பெண் போலீஸ் இருந்தது உண்மையா?

உண்மை. 6888-ஆவது மைய அஞ்சல் பட்டாலியன் என்பது 855 கறுப்பினப் பெண்கள் கொண்டது, மேஜர் சாரிட்டி ஆடம்ஸ் தலைமை. 1945 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமுக்கு வந்தார்கள். வெளிச்சம் வெளியே தெரியாதபடி மறைத்த ஜன்னல்கள், கூரை வரை அடுக்கிய அஞ்சல் மூட்டைகள், பொட்டலத்தில் அழுகிய கேக்கைத் தேடி வந்த எலிகள். எட்டு மணி நேரப் பணிமுறை மூன்று. ஒரு பணிமுறையில் சுமார் 65,000 அஞ்சல். ஏறத்தாழ 70 லட்சம் அட்டைகளில் சிப்பாய்களின் விவரம் எழுதி வைத்து, ஒரே பெயருள்ளவர்களைப் படை எண்ணால் பிரித்தார்கள். ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,500 பேர். ஆறு மாதம் என்று கொடுத்த வேலை மூன்று மாதத்தில் முடிந்தது.

இந்தப் பட்டாலியனுக்கு உணவுக்கூடம், தலைமுடி நிலையம் எல்லாம் தனி. காவலும் தனி. ஆனால் அந்தப் பெண் போலீஸுக்கு ஆயுதம் தர அனுமதி இல்லை. குடியிருப்புக்குள் நுழைய முயலும் ஆண்களைத் தடுக்க ஜூஜுட்ஸு கற்றுக்கொண்டார்கள். இதைக் காட்சியில் வைப்பது கடினம். கண்ணாடிப் பெட்டியில் வைக்கத் துப்பாக்கி இல்லை, தடி இல்லை. பொருள் இல்லாததால் அந்தப் பெண்களே காட்சியிலிருந்து விடுபட்டுப் போகிறார்கள். ஒரு பணிப்பட்டியல், ஒரு வாயில் புகைப்படம், இரண்டு வரி விளக்கம் போதும், அந்த இடைவெளியை நிரப்ப.

1945 ஜூலையில் பிரான்சின் ருவான் நகரில் ஜீப் விபத்தில் இந்தப் பட்டாலியனின் மூவர் இறந்தார்கள். நார்மண்டி அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்ட நான்கு பெண்களில் மூவர் இவர்கள். 2022 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றத் தங்கப் பதக்கம் அளிக்கும் சட்டம் நிறைவேறியது.

சீருடையில் எதைக் கவனிக்க வேண்டும்?

போலீஸ் பகுதியில் முதலில் இடது கை. இரண்டாம் உலகப் போர் அமெரிக்கக் கைப்பட்டை கருநீலத்தில், வெள்ளையில் எம்.பி. (மிலிட்டரி போலீஸ்) என்ற இரண்டு எழுத்துகள். கழுத்துப்பட்டையில் குறுக்காக வைத்த இரண்டு பழங்காலக் கைத்துப்பாக்கிகள். வெள்ளை வண்ணம் பூசிய தலைக்கவசத்தைப் பார்த்து இங்கிலாந்து மக்கள் இவர்களைப் பனித்துளிப் பூவின் பெயரால் கேலியாக அழைத்தார்கள்.

பெண்கள் பகுதியில் கழுத்துப்பட்டை, பிறகு பொத்தான். கழுத்துப்பட்டையில் கிரேக்கத் தெய்வம் அதீனாவின் தலை. தொப்பியிலும் பொத்தானிலும் உள்ள கழுகுதான் காலத்தைச் சொல்லும். துணைப்படைக் காலக் கழுகு கொஞ்சம் அசட்டுத்தனமாக இருக்கும், அதைக் கிண்டலும் செய்தார்கள். 1943-இல் ராணுவத்தில் சேர்ந்த பிறகு ராணுவத்தின் வழக்கமான கழுகு வந்தது. துணைப்படைக் கழுகு இருக்கும் தொப்பிக்கு 1944 என்று ஆண்டு போட்டிருந்தால், எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். பழைய தொப்பியைப் பின்னாலும் போட்டவர்கள் உண்டு, ஆகவே அது உறுதியான தவறு அல்ல, கேட்க வேண்டிய கேள்வி.

பெண்களுக்குப் போர்முனை தடை என்றார்கள். பிறகு பெண் போலீஸ் சண்டையிட்ட காட்சிகள் எப்படி வருகின்றன?

விதியின் சொற்களால். 1994-இன் அமெரிக்க விதி, நேரடித் தரைப்போரை முதன்மைப் பணியாகக் கொண்ட, பிரிகேடு என்ற பெரிய படைத்தொகுதிக்குக் கீழ்ப்பட்ட அலகுகளில் பெண்களைத் தடுத்தது. ராணுவப் போலீஸின் முதன்மைப் பணி காவலும் போக்குவரத்தும்தான், எனவே பெண்கள் இருக்கலாம். ஆனால் முன்வரிசை என்று ஒரு கோடு இல்லாத போரில் லாரித் தொடருக்குக் காவல் போவதே சண்டைக்குப் போவதுதான்.

இதற்கு முன்பே 1989 டிசம்பர் 20-இல் பனாமாவில் கேப்டன் லிண்டா பிரேயின் 988-ஆவது ராணுவப் போலீஸ் கம்பெனி, நாய்ப் பட்டி ஒன்றைக் காத்த பனாமா வீரர்களோடு மோதியது. காலிப் பட்டி என்று நினைத்துப் போன இடம். அமெரிக்காவில் அது பெரிய அரசியல் வாதமானது. 2005 மார்ச் 20-இல் ஈராக்கின் சல்மான் பாக் அருகே, கென்டக்கி தேசியக் காவல்படையின் 617-ஆவது போலீஸ் கம்பெனியைச் சேர்ந்த சார்ஜென்ட் லீ ஆன் ஹெஸ்டர், பதுங்கித் தாக்கியவர்களின் அகழிக்குள் தன் குழுத் தலைவர் திமோத்தி நைனோடு இறங்கி அவர்களை முறியடித்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வெள்ளி நட்சத்திரப் பதக்கம் பெற்ற முதல் பெண் அவர். ஃபோர்ட் லீயில் அந்தக் காட்சியை உருவப் பொம்மைகளோடு அமைத்திருக்கிறார்கள். பார்க்கும்போது அவர் தோளிலுள்ள பிரிவு எது என்பதை மறக்காமல் பாருங்கள். 2013 ஜனவரியில் தடை நீங்கியதாக அறிவித்தபோது, விதியை நடப்பு ஏற்கெனவே தாண்டிப் போயிருந்தது.

எல்லா ராணுவப் போலீஸும் நல்லவர்கள்தானா? கெம்பெய்தாய் பற்றி எங்கே பார்க்கலாம்?

மலாயாத் தமிழர்களின் நினைவில் ராணுவப் போலீஸ் என்றால் வெள்ளைத் தலைக்கவசம் அல்ல, சிவப்பு எழுத்துள்ள வெள்ளைக் கைப்பட்டை. ஜப்பானின் கெம்பெய்தாய் பெயரளவில் ராணுவப் போலீஸ், நடைமுறையில் மக்களைக் கண்காணித்துச் சித்திரவதை செய்த அமைப்பு. சிங்கப்பூரில் அவர்கள் தலைமையிடம் பழைய ஒய்.எம்.சி.ஏ. கட்டடம். 1943 அக்டோபர் 10-இல் சாங்கிச் சிறையில் தொடங்கிய சோதனையில் 57 பேர் பிடிபட்டு 15 பேர் இறந்தார்கள். சாங்கி கைதிகளுக்கு உதவிய எலிசபெத் சோய் ஏறத்தாழ 200 நாள் அந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் வதைபட்டார். சிங்கப்பூரில் சாங்கி சேப்பல் அருங்காட்சியகம், புக்கிட் திமா பழைய ஃபோர்டு தொழிற்சாலை இரண்டும் இந்தக் காலத்தைச் சொல்கின்றன. பிரிட்டிஷ் படை 1942 பிப்ரவரி 15-இல் சரணடைந்தது இரண்டாவது இடத்தில்தான்.

பேராக்கில் செவிலியர் சிபில் கார்த்திகேசுவும் யாழ்ப்பாண வம்சாவளி மருத்துவரான அவர் கணவரும் கெரில்லாக்களுக்கு மருத்துவம் பார்த்தார்கள். சிபில் 1943-இல் பிடிபட்டு கெம்பெய்தாயால் கொடூரமாக வதைக்கப்பட்டார். போருக்குப் பின் ஜார்ஜ் பதக்கம் பெற்றார், 1948-இல் இறந்தார். பாப்பானில் அவர் மருந்தகம் இருந்த வீடு தனியார் முயற்சியில் நினைவகமாகியிருக்கிறது. அரசு அருங்காட்சியகம் அல்ல என்பதால், போகும் முன் திறந்திருக்குமா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

ராணுவப் போலீஸ் பற்றிக் காட்சி வைப்பவர் இந்தப் பக்கத்தை விட்டால் அது விளம்பரப் பலகையாகிவிடும்.

தமிழ்ப் பெண்கள் படையில் இருந்த வரலாறு?

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) இருந்த ஜான்சி ராணிப் படை. சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1940-இல் சிங்கப்பூர் போன டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் 1943 ஜூலையில் உருவாகத் தொடங்கி, அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். லட்சுமி, ஜானகி ஆதி நாகப்பன், ராசம்மா பூபாலன் ஆகியோரின் பெயர் தெரியும், படம் கிடைக்கும். தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்குப் படம் அரிது. காட்சி வைப்பவர்கள் கிடைக்கும் நாலு படத்தையே திரும்பத் திரும்பப் போடுவதால், படித்த குடும்பத்துப் பெண்களின் படை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. டெல்லி செங்கோட்டையில் 2019 ஜனவரி 23-இல் திறந்த அருங்காட்சியகத்திலும் மணிப்பூரின் மொய்ராங்கிலும் ஐ.என்.ஏ. பொருட்கள் இருக்கின்றன.

எதிர்ப்பக்கத்தில், பிரிட்டிஷ் இந்தியாவின் பெண்கள் துணைப்படை 1942-இல் தொடங்கி சுமார் 11,500 பேர் வரை வளர்ந்தது. இதைப் பற்றி நம்மூரில் காட்சி வைத்தவர்கள் மிகக் குறைவு.

இந்திய ராணுவப் போலீஸில் பெண்கள் எப்போது?

சிப்பாய் நிலையில், சமீபத்தில்தான். 2019-இல் ஆட்சேர்ப்பு அறிவித்து, 61 வாரப் பயிற்சிக்குப் பின் 83 பேர் கொண்ட முதல் அணி 2021 மே 8-இல் பெங்களூரு ராணுவப் போலீஸ் மையத்தில் பயிற்சி முடித்தது. கொரோனாவால் அணிவகுப்பு எளிமையாக நடந்தது. இப்போதே அவர்களின் பயிற்சிக் குறிப்பேடு, அடையாள வில்லை, அழைப்புக் கடிதம் போன்றவற்றைச் சேர்க்கத் தொடங்கவில்லை என்றால், முப்பது ஆண்டு கழித்து வெறும் செய்தித்தாள் படம்தான் மிஞ்சும்.

சிறிய காட்சி ஒன்று வைக்க வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

சீருடையிலிருந்து தொடங்காதீர்கள். காகிதத்திலிருந்து தொடங்குங்கள். பணிப்பட்டியல், வெளியே போகும் அனுமதிச் சீட்டு, குற்றப் பதிவேட்டின் ஒரு பக்கம், பணி நீக்கச் சான்று. இவற்றில்தான் யார், எந்த நாள், எந்த வாயிலில் நின்றார் என்பது இருக்கும். சீருடை அழகாக இருக்கும், பேசாது.

குடும்பத்திடமிருந்து வாங்கும்போது அன்பளிப்பா இரவலா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். இரவல் என்றால் திருப்பித் தரும் தேதி, காப்பீடு, புகைப்படம் அச்சிடும் உரிமை மூன்றும் தாளில் இருக்கட்டும். வாங்கும் அன்றே நான்கு பக்கமும் படம் எடுத்து, இருக்கும் கிழிசல், கறை எல்லாவற்றையும் குறித்து இருவரும் கையெழுத்திட வேண்டும். 'நீங்கள்தான் கிழித்தீர்கள்' என்ற சண்டைக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை. இறந்தவரின் ஒழுங்கு நடவடிக்கைக் காகிதம் வந்தால் குடும்பத்தைக் கேட்காமல் பார்வைக்கு வைக்க வேண்டாம்.

1940-களின் பெண் சீருடையைப் பொம்மையில் எப்படிப் போடுவது?

துணிக்கடைப் பொம்மையில் போட்டால் தோள் தெறிக்கும், பொத்தான் துளை இழுபடும். அன்றைய உடல் அளவு சிறியது. ஆடைக்கு ஏற்பப் பொம்மையைச் செய்ய வேண்டும், பொம்மைக்கு ஏற்ப ஆடையை அல்ல.

1. ஆடையை மேசையில் விரித்துத் தோள், மார்பு, இடுப்பு, முதுகு நீளம் அளக்கவும். உடம்பு அளவு ஆடையளவைவிட 3 முதல் 5 செ.மீ. குறைவாக இருக்கட்டும்.
2. பாலிஎதிலீன் ஃபோமை அடுக்கி, அந்த அளவைவிடச் சிறிதாகச் செதுக்கவும். ஸ்பாஞ்ச் வேண்டாம், சில ஆண்டுகளில் பொடியாகித் துணியில் ஒட்டும்.
3. மேலே பாலியெஸ்டர் பஞ்சைச் சுற்றி அளவுக்குக் கொண்டுவந்து, நன்றாக அலசிய சாயமில்லாத பருத்தித் துணியால் மூடவும்.
4. கைக்குள் பஞ்சு அடைத்த துணிக்குழாய் வைக்கவும், இல்லையென்றால் கை தொங்கித் தோள் தையலில் எடை விழும்.
5. ஒருவர் தனியாக உடுத்த வேண்டாம். இருவர், சுத்தமான கையுறை, மோதிரம் வளையல் கழற்றி.

குண்டூசி கூடாது, துருப்பிடிக்கும். துப்பாக்கி உறையோடு உள்ள இடைவாரை உண்மையான ஆடையின் மேல் கட்டித் தொங்கவிடாதீர்கள். எடையைப் பொம்மையின் உள்கம்பி தாங்கட்டும்.

விளக்கு எவ்வளவு?

துணி, வண்ணக் காகிதம், புகைப்படம் எதுவானாலும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). கைபேசிச் செயலி துல்லியமாகக் காட்டாது, ஒரு லக்ஸ் மீட்டர் வாங்கிவிடுங்கள். ஒளியின் சேதம் கூடிக்கொண்டே போகும், திரும்ப வராது. 100 லக்ஸில் மூன்று மாதம் வைப்பதும் 50 லக்ஸில் ஆறு மாதம் வைப்பதும் துணிக்கு ஒன்றுதான். கருநீலக் கைப்பட்டையின் சாயம் சீக்கிரம் வெளுக்கும். ஆறு மாதத்துக்கு மேல் ஒரே துணியை வைக்காமல் மாற்றுங்கள். ஜன்னல் வெயில் ஒரு மணி நேரம் விழுந்தாலும் இந்தக் கணக்கெல்லாம் பாழ். பார்வையாளர்கள் இருட்டு என்று குறை சொல்வார்கள். நுழைவாயிலிலிருந்தே வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்து வந்தால் கண் பழகிவிடும்.

சென்னை, கொழும்பு போன்ற ஊரில் ஈரத்தையும் பூச்சியையும் என்ன செய்வது?

45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் என்று நூல்கள் சொல்லும். கடலோர ஊரில் ஏசி இல்லாமல் அது நடக்காது. பகலில் ஏசி போட்டு இரவில் அணைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஈரம் ஏறி இறங்குவதில் தோல் வெடிக்கும், பூச்சு உரியும். நாள் முழுக்க 60-இல் நிலையாக இருப்பது, 45-க்கும் 75-க்கும் இடையே ஊஞ்சலாடுவதைவிட மேல். 65-ஐத் தாண்டி நின்றால் பூஞ்சணம் வரும். நன்றாக மூடும் கண்ணாடிப் பெட்டிக்குள், தேவையான ஈரத்துக்குப் பழக்கிய சிலிக்கா ஜெல் வைக்கலாம். ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ என்பது பழைய கணக்கு. கதவு இடுக்கில் காற்று போனால் எத்தனை கிலோ வைத்தாலும் வீண்.

கம்பளிச் சீருடைக்கு எதிரி அந்துப்பூச்சி, காகிதத்துக்கு இராமபாணம். அந்துருண்டை போடாதீர்கள், ஆளுக்கும் கேடு, அதன் ஆவி சில பிளாஸ்டிக் பொத்தான்களை இளக்கும். புதிதாக வந்த கம்பளியைப் பாலித்தீன் பையில் காற்றை நீக்கி இறுக மூடி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம், அல்லது மைனஸ் 30-இல் மூன்று நாள் வையுங்கள். வெளியே எடுத்தபின் 24 மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த துணியில் நீர் கோத்து, பித்தளைப் பொத்தானைச் சுற்றிக் கறை வரும். வண்ணம் பூசிய மரம், கண்ணாடி, பழைய பிளாஸ்டிக் கலந்த பொருளை ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். வீட்டு ஃப்ரிட்ஜின் ஐஸ் அறை இதற்குப் போதாது.

பித்தளைப் பட்டயத்தைப் பளபளவென்று துலக்கலாமா?

புளி போட்டுத் தேய்க்கலாம் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். ஒவ்வொரு துலக்கலிலும் எழுத்து தேயும், துலக்கும் பசையின் வெள்ளை மிச்சம் தையலுக்குள் போய் உறைந்து, பச்சைக் களிம்பாகும். அணிந்தவர் தினமும் துலக்கியதால் தேய்ந்த பட்டயம் என்றால் அந்தத் தேய்வும் வரலாறுதான். தோலும் பித்தளையும் தொடும் இடத்தில் வரும் பச்சை மெழுகை மரக்குச்சியால் மெதுவாக நீக்கி, இடையில் மெல்லிய பாலியெஸ்டர் தாள் வையுங்கள். தோலுக்கு எண்ணெய் பூசாதீர்கள். கருத்து, பிசுபிசுத்து, தூசியைப் பிடிக்கும்.

பெட்டி செய்யும் மரமும் கெடுக்கும். பிளைவுட், எம்.டி.எஃப். பலகையிலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். சந்தேகமிருந்தால் பலகைத் துண்டு, வெள்ளி, ஈயம், செம்புத் தகடுகளை ஈரம் உள்ள மூடிய குப்பியில் 60 டிகிரியில் 28 நாள் வைத்துப் பாருங்கள். தகடு மாறினால் அந்தப் பலகை வேண்டாம்.

ஆபத்தான பொருட்கள் எவை?

விஷவாயு முகமூடி முதலில். இரண்டாம் உலகப் போர் வடிகட்டிகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. யாரும் முகத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது, பையில் மூடியே கையாள வேண்டும். திசைகாட்டி, கைக்கடிகாரத்தின் இருட்டில் ஒளிரும் எண்களில் ரேடியம் இருக்கலாம். இப்போது ஒளிரவில்லை என்றால் பூச்சு செத்துவிட்டது, ரேடியம் சாகவில்லை. அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. கண்ணாடியைத் திறக்காதீர்கள். பழைய நைட்ரேட் படச்சுருள் தானே தீப்பிடிக்கக் கூடியது. கட்டடத்துக்குள் வைக்காமல் ஆவணக் காப்பகத்தை அணுகுங்கள். துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டப்படி உரிமம், செயலிழக்கச் செய்ததற்கான சான்று இரண்டும் வேண்டும். ராணுவப் போலீஸ் காட்சிக்கு அது அவசியமே இல்லை என்பது எங்கள் கருத்து.

போலிப் பொருளை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதிகம் போலி செய்யப்படுவது கைப்பட்டையும் எம்.பி. எழுத்துள்ள தலைக்கவசமும்தான். சாதாரணத் தலைக்கவசம் விலை குறைவு, இரண்டு எழுத்து பூசினால் பல மடங்கு. துரு மேல் வண்ணம் ஏறியிருக்கிறதா, கீறலுக்குள் வண்ணம் போயிருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். கீறல் விழுந்த பிறகு பூசியது பிற்காலத்தது. துணிக்குப் புற ஊதா விளக்கு: இருட்டில் நூல் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால், போருக்குப் பின் வந்த வெண்மையூட்டியோ செயற்கை நூலோ இருக்கிறது. ஆனால் பழைய துணியைப் பிற்காலச் சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும். எனவே ஒளிராதது நல்ல அறிகுறி, ஒளிர்வது மட்டும் தீர்ப்பல்ல. உட்புற லேபிளின் ஒப்பந்த எண்ணும் தேதியும் தைத்த விதத்தோடு பொருந்துகிறதா என்பதே நம்பகமான சோதனை.

விளக்க அட்டை எப்படி எழுதுவது?

பொருளுக்கு 50 தமிழ்ச் சொல் தாராளம், அறைப் பலகைக்கு 120. தமிழ் எழுத்து அடர்த்தியானது, ஆங்கில அட்டையின் எழுத்தளவை அப்படியே எடுத்தால் படிக்க முடியாது. 24 புள்ளிக்குக் குறையாமல், நடுக்கோடு தரையிலிருந்து 140 செ.மீ. அளவில். 50 லக்ஸ் அறையில் கறுப்புப் பின்னணியில் சாம்பல் எழுத்து வைத்தால் அறுபது வயதுக்காரர் ஒருவரும் படிக்க மாட்டார்.

'பெண்களும் பங்களித்தனர்' என்று எழுதாதீர்கள். என்ன வேலை, எத்தனை மணிக்கு, எந்த வாயிலில், சம்பளம் ஆணுக்குச் சமமா, ஆயுதம் இருந்ததா என்று எழுதுங்கள். அணிந்தவரின் பெயர் தெரிந்தால் அதுதான் முதல் வரி, சீருடையின் மாதிரி எண் கடைசி வரி. இருமொழி அட்டை என்றால் இரண்டையும் தனித்தனியாக எழுதி, தேதியும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று மூன்றாவது ஆள் ஒருவர் சரிபார்க்கட்டும். பிழை அங்கேதான் நுழைகிறது.